ஐந்து டெசிபெல்

மாரித் தொலோனன் காரின் கதவை இரண்டாவது முறையும் சாத்திப் பார்த்தாள். முதல் முறை அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தகர டப்பாவை எட்டி உதைத்ததுபோல அலறிக்கொண்டு மூடும் கதவு, இப்போது 'தொம்' என்று அடக்கமாக மூடிக்கொண்டது.

“இது என் கார்தானா, ஹெய்மோ? மாத்திக் குடுத்துடலையே?”

“பின் சீட்டுக்கு அடியில பாருங்க. நீங்க போட்டு வச்ச ரொட்டித் துண்டெல்லாம் அப்படியே இருக்கு. உங்க கார்தான்.”

ஹெய்மோ லெஸ்கெலாவுக்கு ஐம்பத்தேழு வயது. கூஹ்மோ ஊருக்கு வெளியே, மரம் அறுக்கும் ஆலைக்குப் போகும் சாலையில், அவருடைய பட்டறை இருக்கிறது. கார்களுக்கு ஸ்பீக்கர் மாற்றுவதும் உள்ளே வரும் இரைச்சலைக் குறைப்பதும் தொழில். அதே கட்டடத்தின் மறுபாதியில் மனைவியின் தம்பி வெய்யோ டயர் கடை வைத்திருந்தான். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் ஹெய்மோ இருபத்திரண்டு வருடம் கோடைகால நடன அரங்குகளில் ஒலிப் பெட்டிகளைக் கவனித்துக்கொண்டவர். ஏரிக்கரை அரங்கில் முந்நூறு ஜோடிகள் ஆடுவார்கள். அவர் மேடையைப் பார்க்க மாட்டார், பலகைத் தரையில் விழும் காலடிகளைக் கேட்பார். காலடிகள் குழம்பினால் கீழ் சுருதி கலங்கிவிட்டது என்று அர்த்தம். விரல் தானாகப் போய்க் குமிழைத் திருகிவிடும். ஊரில் அவரிடம் காரை விட்டவர்கள் எல்லோரும் அந்தக் காதை நம்பித்தான் விட்டார்கள்.

மாரித் வந்த காரணம் வேறு. அவள் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். ஒரு நாளைக்கு ஏழு வீடு, நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். வீட்டுக்குள் போனால் காது கேட்காத கிழவர்களின் டெலிவிஷன் அலறும். வெளியே வந்தால் சொரசொரப்பான தார்ச் சாலை காருக்குள் இரையும். குளிர்காலத்தில் பனியைக் கவ்வச் சின்ன இரும்பு ஆணிகள் பதித்த டயர் போட்டதும் அந்த இரைச்சலோடு கரகரப்பும் சேர்ந்துகொள்ளும்.

“பாட்டு அதிரணும்னு நான் வரலை,” என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். “சாயந்திரம் வீட்டுக்குப் போறேன். எம் பொண்ணு ஸ்கூல் கதையை ஆரம்பிக்கிறா. ரெண்டு நிமிஷத்துல நான் 'கொஞ்சம் வாயை மூடுறியா'ங்கறேன். அவ மூடிக்கிறா. இப்பல்லாம் ஆரம்பிக்கிறதே இல்லை. அவ பேசறதைக் கேக்கற அளவுக்கு எனக்குக் காது மிச்சம் இருந்தாப் போதும்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காக ஹெய்மோ ஐந்து நாள் உழைத்தார். சீட்டுகளைக் கழற்றினார். தரை விரிப்பை உரித்தார். தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, குளிரில் விறைத்த கறுப்புத் தார் ஒட்டுத்தாளைச் சூடு காட்டி இளக்கி, சின்ன இரும்பு உருளையால் அங்குலம் அங்குலமாக அழுத்தி ஒட்டினார். கதவின் அடியில் மழைநீர் வடியும் ஓட்டைகளை மட்டும் கவனமாக விட்டுவைத்தார். கம்பெனியில் போட்டிருந்த அட்டை ஸ்பீக்கர்களைத் தூக்கிவிட்டு நல்லவற்றை மர வளையத்தில் பூட்டினார். முன் சக்கரங்களுக்கு மேலே உள்ள வளைவுதான் பெரிய எதிரி. ஆணியின் கரகரப்பு ஓட்டுகிறவர் காலடிக்கு வருவது அந்த வழியாகத்தான். அங்கே இரண்டு அடுக்குத் தாள், அதன்மேல் கம்பளி, வெளிப்பக்கம் ரப்பர் பூச்சு.

வேலை முடிந்ததும், வெய்யோ புது ஆணி டயர்களை மாட்டியதும், கருவியை வைத்து அளந்தார். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் முன்பு எழுபத்தொன்று. இப்போது அறுபத்தாறு. ஐந்து டெசிபெல்! அந்த எண்ணைச் சுவரில் சாக்கட்டியால் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

“இன்னொண்ணு கேட்டிருந்தேனே,” என்றாள் மாரித். “ஓட்டும்போது ஸ்பீக்கர்ல நான் கேக்கற துப்பறியும் கதையைப் போன் வந்து நிறுத்தக் கூடாதுன்னு.”

“பண்ணிட்டேன். வண்டி நகர்ந்தா போன் வாயே திறக்காது. நின்னப்புறம்தான் யார் யாரு கூப்பிட்டாங்கன்னு காட்டும்.”

“ஆபீஸ்காரங்க கூப்பிட்டாக்கூடவா?”

“ஜனாதிபதி கூப்பிட்டாக்கூட.”

அவள் சிரித்துவிட்டு ஏறினாள். ஒன்பதே முக்காலுக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் கிழவர் தௌனோவுக்கு இன்சுலின் போட வேண்டும். நவம்பர் முதல் வாரம். இரவெல்லாம் தூறியது இப்போதுதான் விட்டிருந்தது. வெப்பமானி பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஊசலாடியது. காரில் பனிப்படிகப் படம் போட்ட எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை எரியும் விளக்கு அது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவள் போய்க் கால் மணி நேரம் கழித்து, ஸ்பீக்கர் வளையங்கள் பார்சலில் வந்திருப்பதாகத் தகவல் வந்தது. ஹெய்மோ தன் பழைய வேனை எடுத்துக்கொண்டு, பார்சல்கள் வந்திறங்கும் பெட்ரோல் நிலையத்துக்குக் கிளம்பினார். கிழக்கே போகும் அதே சாலைதான். வேனின் உள்ளே ஒரு துண்டுக் கம்பளிகூட ஒட்டியதில்லை. ஆணி டயர்கள் தாரில் கரகரவென்று அரைத்துக்கொண்டே வந்தன.

நாலாவது கிலோமீட்டரில், சாலை பள்ளமாக இறங்கும் இடத்தில், அந்தக் கரகரப்பு நின்றது.

யாரோ குமிழைத் திருகி அணைத்ததுபோல நின்றது. ஹெய்மோவின் கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழும்பிவிட்டது. ஸ்டியரிங் லேசானது. வேன் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய், பள்ளத்தைத் தாண்டி மேடேறியதும் கரகரப்பு திரும்ப வந்தது. கண்ணுக்குச் சாலை முழுக்க ஒரே ஈரக் கறுப்பு. தாரின்மேல் கண்ணாடிபோலப் படிந்த பனியை இந்த ஊரில் யாரும் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. ஆணி தாரில் உரசினால் கரகரக்கும், பனியில் குத்தினால் சத்தம் அடங்கிவிடும்.

இருநூறு மீட்டர் போனபிறகுதான் அவருக்கு அது உறைத்தது. காலை எடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லையே. கால் தானாக எழும்பியது. எழுப்பியது எது?

காது.

மாரித்தின் காரில் அதைத்தானே ஐந்து நாள் உட்கார்ந்து, இரண்டு அடுக்குப் போட்டு, உருளை வைத்துத் தேய்த்து அடைத்திருக்கிறேன்!

வேனை ஓரம் கட்டி மாரித்துக்குப் போன் செய்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தார். அவளை இப்போது ஜனாதிபதியால்கூடக் கூப்பிட முடியாது.

பெட்ரோல் நிலையத்தில் பார்சலை எடுத்து நீட்டிய பெண்ணிடம், “மாரித் இங்க வந்தாளா?” என்றார்.

“இப்பத்தானே போனா, பத்து நிமிஷம் இருக்கும். பெட்ரோல் போட்டா, காப்பி வாங்கினா. உங்க வேலையைப் பத்தித்தான் ஒரே பெருமை. சர்ச்சுல உக்காந்திருக்கற மாதிரி இருக்காம்.” பிறகு அவர் முகத்தைப் பார்த்து, “என்னாச்சு? பணம் குடுக்காம போயிட்டாளா?” என்றாள்.

பார்சலை அங்கேயே வைத்துவிட்டு ஹெய்மோ வெளியே வந்தார்.

மேலும் கிழக்கே திரும்பியதும் வேனின் ஸ்பீக்கர் வழியாக வெய்யோவைக் கூப்பிட்டார்.

“மச்சான், ரோடு எப்படி இருக்கு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“ஏன், ஐஸ்ல வழுக்கிட்டியா? டயரை மாத்து மாத்துன்னு தலையால அடிச்சுக்கறேன். பித்காசல்மி பாலம் கண்ணாடியா இருக்காம். இப்பத்தான் ரெண்டு பேரு பேசிக்கிட்டாங்க.”

“மாரித் அந்தப் பக்கம் போயிருக்கா.”

“போகட்டுமே. அவளுக்கு நான் மாட்டினது புது ஆணி. பூனை நகம் மாதிரி பிடிக்கும்.”

“பிடிக்கும்டா. வேகத்தைக் குறைச்சா பிடிக்கும். குறைன்னு அவளுக்கு யாரு சொல்லுவா?”

வெய்யோ டயர்க்காரன். அவனுக்கும் புரிந்துவிட்டது. “எத்தனை குறைச்சே நீ?”

“அஞ்சு.”

“அடப்பாவி,” என்றான் வெய்யோ. இந்த முறை கிண்டல் இல்லை.

பாலம் இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். ஹெய்மோவுக்கு மிதித்துப் பறக்க வேண்டும்போல இருந்தது. முடியவில்லை. கரகரப்பு இருக்கும்வரை எண்பதில் போனார். அது மங்கினால் கால் எழும்பும், ஐம்பது, நாற்பது. ஏரிக்காற்று அடிக்கும் வளைவில் ஒரு மௌனம். காட்டு நிழல் விழுந்த இறக்கத்தில் இன்னொரு மௌனம். ஒவ்வொன்றிலும் அவர் தவழ்ந்து கடந்தார். இதே இடத்தில் அவள் துப்பறியும் கதை கேட்டுக்கொண்டு எண்பதில் கடந்திருப்பாள் என்ற நினைப்பு ஒவ்வொன்றிலும் வந்தது. சாலையோரம் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனார். எங்கும் கார் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

தௌனோ வீட்டு எண் அவரிடம் இருந்தது. கிழவர் ஒரு காலத்தில் நடன அரங்கில் டிக்கெட் கிழித்தவர். கூப்பிட்டார்.

“மாரித் வந்துட்டாளா?”

“ஆரு? ஹெய்மோவா? என்ன தம்பி, இத்தனை வருஷம் கழிச்சு!”

“மாரித் வந்துட்டாளான்னு கேட்டேன்!”

“கத்தாதே, இந்தக் காது நல்ல காது. இன்னும் வரலையே. மணி பத்து ஆகப்போவுது. அவ லேட்டாவே வரமாட்டா. காப்பிகூடப் போட்டு வச்சேன், ஆறிப்போச்சு. நீ வரியா?”

“வரேன், வரேன்,” என்று சொல்லி ஹெய்மோ போனை வைத்தார்.

பாலத்துக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதே கரகரப்பு தேய ஆரம்பித்தது. பாலத்தின்மேல் ஏறியதும் ஒன்றுமே இல்லை. என்ஜின் முனகல் மட்டும். இருபதில் போனார். அதுவே வேகமாகத் தெரிந்தது. பாலம் முடியும் இடத்தில் சாலையோரக் கம்பம் ஒன்று முறிந்து கிடந்தது.

அதற்கு அப்பால் அவளுடைய கார் நின்றது. மூக்கு பள்ளத்தில், இளம் பிர்ச் மரங்களுக்குள் புதைந்திருந்தது. பின்பாதி சாலையில் நீட்டிக்கொண்டிருந்தது. விளக்குகள் எரிந்தன. கதவுகள் மூடியிருந்தன.

ஹெய்மோ வேனைப் பாலத்தின் முனையிலேயே நிறுத்தி, விளக்குகளை மினுக்கவிட்டு இறங்கினார். இரண்டு எட்டு வைத்ததும் கால் வாரியது. முழங்காலில் விழுந்து, கையை ஊன்றி, ஓரத்துச் சரளையில் ஏறிக்கொண்டார். அப்போதுதான் அது கேட்டது. எதிரே மேட்டுக்கு அப்பாலிருந்து, தரையோடு தரையாக வரும் கனத்த உறுமல். மர லாரி. ஆலைக்குப் போகிறது. எழுபது டன், பின்னால் இழுவை வண்டி வேறு. மேடேறினால் அப்புறம் இறக்கம், இறக்கத்தின் அடியில் இந்தக் கார்.

ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார். மாரித் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. கதவைப் பிடித்து இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு ஆணின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல அவ்வளவு தெளிவாக, யாரோ ஒருவன் படகுத்துறையில் பிணத்தைக் கண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“இறங்குங்க!”

“ஹெய்மோ? எனக்கு ஒண்ணும் ஆகலை. சும்மா கால் நடுங்குது. ஒரு நிமிஷம் உக்காந்துட்டு...”

“லாரி வருது! கேக்கலையா?”

கதவு திறந்ததும்தான் அவளுக்குக் கேட்டது. அவள் முகம் மாறியதை ஹெய்மோ பார்த்தார். அவள் பெல்ட்டைத் தேடினாள். விரல்கள் வழுக்கின. அவரே குனிந்து அழுத்திவிட்டு, தோளைப் பிடித்து இழுத்து, பிர்ச் மரங்களின் பக்கம் தள்ளினார். “அங்க போங்க. இன்னும் மேல!”

பிறகு அவர் தன் ஒளிரும் மஞ்சள் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு, சரளை ஓரமாகவே மேட்டை நோக்கி ஓடினார். ஐம்பத்தேழு வயது ஓட்டம். மூச்சு விசில் அடித்தது. லாரியின் விளக்கு வரிசை மேட்டின் உச்சியில் எழும்பியது. அவர் கையை வீசினார். காற்றுப் பிரேக் உஸ்ஸென்று சீறியது. லாரியின் வேகம் குறைந்தது. ஆனால் பின்னால் இருந்த இழுவை வண்டி குறையவில்லை, மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து முன்வண்டியை எட்டிப் பார்க்க வந்தது. ஓட்டுநர் பிரேக்கை விட்டார். பிடித்தார். விட்டார். மரக்கட்டைகள் முனகின. முன் சக்கரம் ஒன்று ஓரத்துச் சரளையைக் கவ்வியது. மாரித்தின் காரின் பின்விளக்குக்கு இன்னும் ஒரு பஸ் நீளம் இருக்கும்போது லாரி நின்றது.

திறந்த கதவு வழியாகக் கதைசொல்லி மட்டும் பிணத்தின் சட்டைப்பையில் என்ன இருந்தது என்று விவரித்துக்கொண்டிருந்தார்.

லாரிக்காரர் ஜன்னலை இறக்கினார். தாடிக்குள் முகம் வெளிறியிருந்தது.

“யோவ், நடு ரோட்டுல கச்சேரியா நடத்தறீங்க?” என்றார். பிறகு, “நல்ல ஸ்பீக்கர்யா. எங்க போட்டது?” என்றார்.

ஹெய்மோ மஞ்சள் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

மாரித் மரங்களுக்குள்ளிருந்து வந்தாள். அழவில்லை. “ரோடு ஒண்ணுமே சொல்லலை, ஹெய்மோ. எப்பவும் இந்தப் பாலத்துக்கு முன்னாடியே ஏதோ ஒண்ணு தோணும், காலை எடுத்துடுவேன். இன்னிக்குத் தோணவே இல்லை. திடீர்னு ஸ்டியரிங் கையில இல்லை. அவ்வளவுதான்.”

“அதோட வாயைக் கட்டினது நான்தான்,” என்றார் ஹெய்மோ.

லாரிக்காரர் பட்டை போட்டுக் காரைப் பின்னுக்கு இழுத்துக் கொடுத்தார். முன் பம்பர் தொங்கியது. என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெய்மோ வேனில் ஏறச் சொன்னார். மாரித் மணியைப் பார்த்தாள். “தௌனோவுக்கு ஊசி போடணும். அப்புறம் இன்னும் ஆறு வீடு. அங்கெல்லாம் யாரு போவா, நீங்களா?”

அவள் கம்பளித் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டாள். கதையை அணைத்தாள். நான்கு ஜன்னல்களையும் கீழே இறக்கிவிட்டு, ஐம்பதில் கிளம்பினாள். மதியம் பனி உருகியபிறகுதான் ஜன்னல்களை ஏற்றினாள். அன்று மாலைவரை ஹெய்மோ அவளுக்குப் பின்னாலேயே போனார். பட்டறை பூட்டியே கிடந்தது.

இரண்டு நாளில் அவர் பழைய ரசீதுகளை எல்லாம் எடுத்துப் போட்டு, முன் சக்கர வளைவுகளை அடைத்துக் கொடுத்த பதினொரு பேருக்குப் போன் செய்தார். ஓட்டும்போது ஆணிச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டார். நாலு பேர் யோசித்துவிட்டு, இல்லை என்றார்கள். அவர்களில் ஒருவர் சிரித்தார். “அதை நிறுத்தத்தானேய்யா உனக்குக் காசு குடுத்தேன்! நான் ரோட்டைப் பாத்து ஓட்டறவன், கேட்டு ஓட்டறவன் இல்லை.” ஹெய்மோ அவரிடம் பாலத்தின் கதையைச் சொன்னார். கேட்டு முடித்ததும் அந்த மனிதர், “சரி, திங்கக்கிழமை கொண்டு வரேன்,” என்றார்.

சண்டை போட்டது மாரித் மட்டும்தான். சனிக்கிழமை காரைக் கொண்டு வந்தவள், அவர் சக்கரத்தைக் கழற்றத் தொடங்கியதும் குறுக்கே நின்றாள்.

“எல்லாத்தையும் பிச்சு எடுத்துட்டா நான் பழையபடி ஆயிடுவேன். ஒரே ஒரு நாள் சர்ச்சு மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு சாயந்திரம் வீட்டுக்குப் போனேன், அத்தனை நடந்தப்புறமும், எம் பொண்ணு பேசினா. நான் கேட்டேன். அதை எடுத்துடாதீங்க.”

“உங்க உயிரு...”

“உயிரு எனக்குந்தான் வேணும். கொஞ்சம் கேக்கணும். கொஞ்சம் கேக்கக் கூடாது. அதைப் பண்ணிக் குடுங்க. உங்களுக்குத்தான் பெரிய காதாச்சே.”

அடுத்த பக்கத்திலிருந்து வெய்யோ தலையை நீட்டினான். “மச்சான், நர்ஸ் சொல்றதைக் கேளு. ஊசி வச்சிருப்பா.”

ஹெய்மோ அன்று முழுவதும் முன் இடது வளைவில் மட்டும் வேலை செய்தார். இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவரின் காலுக்கு நேரே இருப்பது அது. கம்பளியை எடுத்தார். ஒட்டுத்தாளைச் சூடு காட்டிச் சுரண்டி எடுத்தார். ரப்பர் பூச்சைத் தகடு தெரியும்வரை உரித்தார். வலது வளைவையும், தரையையும், கதவுகளையும் தொடவில்லை. மாலை நான்கு மணிக்கு அளந்தார். அறுபத்தெட்டு. சுவரில் இருந்த ஐந்தை அழித்து மூன்று என்று எழுதினார். அடிக்கோடு போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி பூஜ்யம். மறுபடி ஈரம். மாரித் ஓட்டினாள், ஹெய்மோ பக்கத்தில் உட்கார்ந்தார். கதை மெல்லிய குரலில் ஓடியது. காரின் உள்ளே எங்கும் அமைதி. அவள் இடது காலுக்குக் கீழே மட்டும் ஒரு சன்னமான கரகரப்பு, யாரோ தொலைவில் காப்பிக்கொட்டை அரைப்பதுபோல.

எங்கே வழுக்கும் என்று அவருக்குத் தெரியும். சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சொன்னால் சோதனை இல்லை. ஏரி தெரிந்தது. தூரத்தில் பாலத்தின் கம்பி வரிசை தெரிந்தது. வேகம் எழுபத்தெட்டு. அவருடைய வலது கால், பிரேக் இல்லாத இடத்தில், விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. கதைசொல்லி ஒரு கேள்வி கேட்டு நிறுத்தினார்.

கரகரப்பு தேய்ந்தது.

மாரித் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. கால் எழும்பியது. எழுபது, ஐம்பத்தைந்து, நாற்பது. கார் பாலத்தின்மேல் நேராக ஏறியது.

“இவன்தான் கொலைகாரன்னு எனக்கு அப்பவே தெரியும்,” என்றாள் அவள்.